மெல்லியதைத் தூக்கிக் கொடுத்த பெட்டி

கல்யாண வரவேற்புகளில் இசைத்தட்டு போடுவது என் தொழில். இரண்டு பிளேயர்களை அருகருகே வைத்துக்கொண்டு, ஒரு பாட்டின் வால் அடங்குவதற்குள் அடுத்ததன் தலையைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவேன். இப்போது இதற்கு ஸ்டைலாக ஏதோ பெயர் சொல்கிறார்கள். எழுபதுகளில் தி.நகர் மண்டபங்களில் நான் வெறும் மைக் செட் மாமா.

ஒரு தட்டு முணுமுணுக்கும், அடுத்தது காதைக் கிழிக்கும். வீணை வாசித்தால் கூட்டத்தின் பேச்சில் அமுங்கிப் போகும். தவில் வந்தால் பெண்ணின் பெரியப்பா எழுந்து வந்து சண்டை பிடிப்பார். அதனால் முதல் நாளே மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லாத் தட்டையும் வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்த்துவிடுவேன். சமையலறையிலிருந்து என் மனைவி தீர்ப்புச் சொல்வாள். அவளுக்குக் கேட்டால் மண்டபத்தின் கடைசி நாற்காலிக்கும் கேட்கும் என்பது என் கணக்கு.

ஒரு நாள் வீணைத் தட்டு முடிந்ததும், எப்படி இருந்தது என்று குரல் கொடுத்தேன். எப்போது போட்டேன் என்று திருப்பிக் கேட்டாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அடையாறு டாக்டர் அவள் காது நரம்பு வாடிக்கொண்டே வருகிறது என்றார். மருந்து கிடையாதாம். மெல்லிய சத்தம் எட்டாது, பெரிய சத்தம் வலிக்கும். அவர் கொடுத்த காதுக் கருவியில் டம்ளர் விழுந்தால்கூட இடி இடிக்கிறது என்று சொல்லி அதை அலமாரியில் போட்டுவிட்டாள். எதற்கெடுத்தாலும் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று சொல்கிற வழக்கம் எனக்கு. அதை அன்றோடு விட்டேன்.

அந்தச் சமயத்தில் வடபழனியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் பழைய கம்ப்ரஸர்களைக் கழிக்கிறார்கள் என்று தெரிந்தது. சத்தம் அளவு மீறினால் இந்தப் பெட்டி அமுக்கும். அமுக்கிய பிறகு மொத்தத்தையும் உயர்த்திக்கொள்ளலாம். மெல்லியதும் மேலே வந்துவிடும். மண்டபத்துக்கு வேண்டும் என்று அங்கே சொன்னேன். மனசுக்குள் இருந்தது அவள் காது.

இரண்டு பெட்டிகள் இருந்தன. கையோடு கொண்டுபோன தட்டை இரண்டிலும் ஓடவிட்டுப் பார்த்தேன். டிரான்ஸிஸ்டர் பெட்டியில் மிருதங்கம் விழும்போதெல்லாம் பாடுகிறவர் குரல் முங்கி எழுந்தது, மாடியேறி வந்தவர் மூச்சு வாங்குகிற மாதிரி. வால்வு போட்டது நிதானமாக அமுக்கி நிதானமாக விட்டது. எவ்வளவு அமுக்குகிறது என்று காட்ட முகப்பில் ஒரு முள் வேறு. அதையே எடுத்துக்கொண்டேன். தூக்கி வைத்த ரிக்‌ஷாக்காரர், “இன்னா சார், உள்ள அம்மிக்கல்லு கீதா?” என்றார்.

வீட்டில் முதலில் அந்த வீணையைத்தான் போட்டேன். கரண்டியும் கையுமாகக் கூடத்துக்கு வந்து நின்றாள். கண்ணில் தண்ணீர். நானும் அழுதேன், வெட்கமென்ன. அதற்குப் பிறகு பெட்டி முன்னால் உட்கார்ந்துதான் தீர்ப்பு. முள் ரொம்பச் சாய்கிறது, பாட்டு நசுங்கும் என்று என்னையே அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஆனால் மாதம் போகப்போக இன்னும் அமுக்கு, இன்னும் உயர்த்து என்றாயிற்று. மண்டபத்துக்கு ஒரு அளவு, அவளுக்கு ஒரு அளவு. கடைசியில் வீணையும் தவிலும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. பாட்டில் மேடு பள்ளமே மிஞ்சவில்லை. எனக்குச் சகிக்கவில்லைதான். அவளுக்குக் கேட்கிறதே என்று பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தேன். கூடத்தில் சத்தமே இல்லை. ஆம்ப்ளிஃபயரைப் போட மறந்திருந்தேன். பிளேயரிலிருந்து நேரே கம்ப்ரஸருக்குப் போவதால் அதன் முள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட எழுந்தவன் அவளைப் பார்த்தேன். அந்த முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“ஏன்னா, இன்னிக்கு ரொம்பத் தெளிவா கேக்கறது.”

எனக்கு நெஞ்சு உடைந்து போயிற்று. எத்தனை நாளாக இப்படியோ. நான் மனசு விட்டுவிடக் கூடாதே என்று அவள் முள்ளைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சுவிட்சைத் தொடாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பாட்டு முடிகிறவரை முள்ளைப் பார்த்து நானும் தாளம் போட்டேன்.