புதன்கிழமை மீன்

கடல் பொங்கிய அன்று, கச்சால் தீவில் ஒரு மேட்டின் மேல், அப்பாயி எங்கே என்று தெரியாமல் தாத்தா உட்கார்ந்திருந்தாராம். "அவ உசிரோட வந்தாப் போதும் முருகா, எங்க வீட்டுல இனிமே மீனே கெடயாது" என்று வேண்டிக்கொண்டார். மறுநாள் சேறும் சகதியுமாக அப்பாயி வந்து சேர்ந்தாள். வேண்டுதலைக் கேட்டதும் அவள் சொன்னது எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்: "ஏங்க, உங்க வெத்தலய விட்டுர்றேன்னு வேண்டியிருக்கக் கூடாதா?"

அப்பாயி என் அப்பாவின் அம்மா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கச்சாலில் ரப்பர் பால் வெட்டி, சுனாமிக்குப் பிறகு எங்களோடு பெரிய தீவிலுள்ள புரோத்ராபூருக்கு வந்தவள். தீவில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் சோறு தின்பது அவளுக்குப் பெரிய தண்டனை. பருப்புக் குழம்பை ஏதோ வேண்டாத விருந்தாளியைப் போலப் பார்ப்பாள்.

ஆனால் நாங்கள் மாசி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாவுக்கு ஒரு குளம் இருந்தது. புதன்கிழமைதோறும் அதில் வலை போடுவார்கள். "நேந்துக்கிட்டது கடல் மீனுக்குத்தாண்டி. இது கொளத்து மீனு, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று அப்பாயி என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாள். முருகனைவிடத் தாத்தாவிடம்தான் பயம். நல்லவேளை, அவர் புதன்கிழமை உச்சி வெயிலில் குடையை எடுத்துக்கொண்டு, "கப்பல் வந்துருச்சான்னு கேட்டுட்டு வரேன்" என்று டீக்கடைக்குக் கிளம்பிவிடுவார். மெயின்லேண்டிலிருந்து எங்களைப் பார்க்க வர ஒரு ஈ காக்காய் கிடையாது. திரும்பும்போது வாசல் கேட்டருகே நின்று பலமாகக் கனைப்பார். அவர் மெதுவாக உள்ளே வருவதற்குள், மாசி வீட்டில் மீன் தின்றுகொண்டிருந்த நாங்கள் ஓடிவந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, கொத்தமல்லித் தழையை மென்று முடித்திருப்போம். அவரை என்னமாய் ஏமாற்றுகிறோம் என்று எனக்கு ஒரே பெருமை.

நான் நாலாவது படிக்கும்போது காய்ச்சலில் படுத்த அப்பாயி எழுந்திருக்கவே இல்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே!

பதினாறாம் நாள் படையல். அப்பாயிக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்றார்கள். அம்மா பாயசம் என்றாள், அத்தை உளுந்து வடை என்றாள், சித்தப்பா கத்தரிக்காய் என்று அடித்துச் சொன்னார். எல்லாம் அவரவர்க்குப் பிடித்தவை. காக்காய் தொட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். காக்காயோ பலாமரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

சித்தப்பா தொண்டை வறளக் "கா கா" என்று கத்திப் பார்த்தார். "இந்த ஊர்க் காக்காய்க்குத் தமிழ் எங்க தெரியும்" என்று "ஆஜா, ஆஜா" என்று இந்தியிலும் கூப்பிட்டார். "அம்மாவுக்கு ஏதோ மனக்கொறை" என்று அத்தை ஒப்பாரியைத் தொடங்கினாள்.

தாத்தா சர்க்கரை நோயாளி. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "மாமா, ஒரு வாயாவது..." என்று அம்மா கெஞ்சியதற்கு, "அவ சாப்புடாம நான் எப்பிடிம்மா சாப்புடுறது?" என்றார். அப்பாயியைப் போல இவரும் போய்விட்டால்?

மாசி வீட்டுக்கு ஓடினேன். "அரே, க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சு என இந்தியில் கேட்டாள் மாசி. அப்பாயிக்கு மீன் வேண்டும் என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பொரித்த துண்டு ஒன்றைத் தந்தாள். எல்லோரும் காக்காயையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அதைப் படையல் இலையிலிருந்த அப்பளத்துக்கு அடியில் செருகினேன்.

அடுத்த நிமிடம் காக்காய் இறங்கியது. பாயசத்தை மிதித்து, வடையைத் தள்ளி, மீனைக் கவ்விக்கொண்டு பறந்தது.

"ஐயையோ, அது மீனு மாதிரி இருந்துச்சே!" என்று அலறினாள் அத்தை.

"வடைதான்" என்றார் தாத்தா, அண்ணாந்துகூடப் பார்க்காமல். "அவ சாப்ட்டாள்ல? எலயப் போடுங்க." என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. குழம்பு காரம் போல என்று நினைத்தேன்.

அடுத்த புதன்கிழமை உச்சி வெயிலில் தாத்தா வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு வாசல் கேட் வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். கனைக்காமல் திரும்பி வந்து குடையை ஆணியில் மாட்டினார்.

"ஏன் தாத்தா, கப்பல் பாக்கப் போகலயா?"

"இனிமே யாருக்காகம்மா போறது?" என்றார்.

இந்தத் தாத்தா வெயிலுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.