கண்ணாடிக்காரரின் டிஸ்க் பிளேயர்

"மொதல்ல கேட்டதா, இப்ப கேக்கறதா?"

கண்ணாடிக்காரர் பிளேயருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மூடி கழற்றிய பெட்டிக்குள் ஒரு விரல், பாட்டை நிறுத்தும் பொத்தானில் இன்னொரு விரல். நாற்காலியில் மனைவி பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"மொதல்ல கேட்டது."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா காது கேக்குமா? மொதல்ல கேட்டதுதான்."

அவர் முகம் விழுந்துவிடும். மூன்று நாள் வேலை வீணாகிவிட்டது. ஆனால் மறுபேச்சு கிடையாது. புதிதாக வைத்ததைப் பிடுங்கிவிட்டுப் பழையதை வைத்துப் பற்றவைப்பார். அவள் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று சொன்னால் மட்டும்தான் கோபம் வரும். "அது எப்படி ஒண்ணா இருக்கும்? ரெண்டும் ஒண்ணுன்னா நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

தம் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் அவருக்கு இதே வேலைதான். பார்வை சோதிக்கும் சின்ன அறையில், ஆட்களின் மூக்கின்மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகுவார். இது தெளிவா, அது தெளிவா? முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு, வீட்டிலும் வாய் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

பிளேயர் கடையில் வாங்கிய சாதாரணப் பெட்டி. இப்போது அதற்குள் கடையில் வாங்கியது என்று சொல்ல அதிகம் இல்லை. உள்ளே இருந்த கெப்பாசிட்டர்களைப் பிடுங்கிவிட்டு, கட்டைவிரல் தடிமனில் வேறு வைத்தார். மின்சாரம் சுத்தமாக வர வேண்டும் என்று டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாக ஒரு மரப்பெட்டியில் வைத்துக் கம்பி இழுத்தார். தகடு அதிரக் கூடாதென்று அடிப்பக்கம் முழுக்கத் தார் அட்டை ஒட்டினார். பார்த்த மச்சினன், "மாமா, இதுல பழசுன்னு மிச்சம் இருக்கறது மூடி ஒண்ணுதான். அதையும் நீங்க போடறதில்ல" என்றான்.

தீர்ப்பு சொல்ல மனைவியின் காதை அவர் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அவள் காதை வைத்துப் பிழைக்கிறவள். டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை, ஹெட்போனில் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுக்கிறாள். எந்த டாக்டருக்குச் சளி பிடித்திருக்கிறது, யார் மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு பேசுகிறார் என்பதுவரை சொல்லிவிடுவாள். ஒருமுறை அவர் ஸ்பீக்கர்களின் இடது, வலது கம்பிகளை மாற்றிச் செருகிவிட்டார். அடுக்களையிலிருந்தே, "வயலின்காரர் இன்னிக்கு எடம் மாறி உக்காந்திருக்கார் போல" என்றாள். அன்றிலிருந்து அவர் தம் காதை நம்புவதை விட்டுவிட்டார்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவள் முதல் தடவையாக அதைச் சொன்னாள். "கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்குங்க. முன்ன மாதிரி இல்ல."

அவருக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் அவள் சொல்லிவிட்டாள் என்றால் அடைத்துத்தான் இருக்கிறது. உள்ளே இருந்த ஐ.சி. சில்லை மாற்றினார். டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸைத் துடைத்தார், பிறகு லென்ஸையே மாற்றினார். ஸ்பீக்கர் கம்பியை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பரவாயில்ல, ஆனா அந்த மினுமினுப்பு வரலை" என்பாள். "அடுத்த வாரம் வந்துடும் பாரு" என்று அவர் மறுபடி ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். அவளுக்கும் ஹெட்போன் தகராறு நடந்துகொண்டிருந்தது. இரண்டு ஹெட்போன் மாற்றிவிட்டாள். டாக்டர்கள் எல்லாரும் பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டதாக அலுத்துக்கொண்டாள். வேலை கொடுக்கும் அலுவலகத்திலிருந்து திருத்தங்கள் சிவப்புக் கோடு போட்டுத் திரும்பி வந்தன.

அதே நாட்களில் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். வீட்டில் வெளிச்சம் சரியில்லை, மூன்று பல்பு மாற்றிப் பார்த்துவிட்டேன், கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். கண்ணாடிக்காரர் சிரித்தபடி அவர் மூக்கின்மேல் சட்டத்தை மாட்டினார். "பல்பு நல்லாதான் இருக்கும். கண்ணுதான். வயசானா வரதுதானே, இதுக்குப் போயி..." வாரத்துக்கு இரண்டு பேரிடமாவது இதைச் சொல்வார். சொல்லிவிட்டு அன்று சாயங்காலம் போகிற வழியில் பிளேயருக்கு ரப்பர் கால்கள் வாங்கிக்கொண்டு போனார்.

துணி துவைப்பது எப்போதும் அவர் கடையில் இருக்கிற நாளில்தான். அந்த வாரம் தண்ணீர் வராமல் போய், அவருடைய விடுமுறை நாளுக்குத் தள்ளிப்போனது. பிளேயரைக் குடல் தெரியப் பிரித்து வைத்திருந்தார். குளியலறையில் துணி துவைக்கும் இயந்திரம் ஓடி நின்றது. கீ, கீ, கீ என்று கூப்பிட்டது.

மனைவி அவரைப் பார்த்துச் சொன்னாள்: "அத முடிச்சிட்டு அந்த மெஷினையும் ஒரு பார்வ பாருங்க. மூணு மாசமா, துணி முடிஞ்சா கூப்பிடறதே இல்ல. உள்ளேயே கெடந்து நாறுது."

அவள் பேசி முடிக்கும்வரை இயந்திரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் கூப்பிட்டது. அவள் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாக்கறேன்" என்று எழுந்து போனார். குளியலறையில் இயந்திரத்தின் மூடியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். ஒன்றரை வருஷமாகத் தாம் கழற்றிப்போட்ட ஒவ்வொன்றும் நல்லதுதான் என்பது வரிசையாக நினைவுக்கு வந்தது. திரும்பி வந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன கோளாறு?"

முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன வார்த்தை. இப்போது சொல்ல வாய் வரவில்லை.

"மெஷின் நல்லாதான் இருக்கு" என்றார்.

அவள் கைகள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன. "பிளேயரு?"

"அதுவும் நல்லாதான் இருக்கு."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அது போன பிறகு அவள் கேட்டாள்: "எப்பலேருந்து தெரியும்?"

"இப்பதான். உள்ள நின்னப்போ."

"எனக்கு ரெண்டு மாசமாவே ஒரு சந்தேகம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீங்கதான் அடுத்த வாரம் சரியாயிடும், சரியாயிடும்னீங்க. நானும் சரியாயிடும்னு இருந்துட்டேன்."

அவர் தரையில் பரப்பிக் கிடந்ததைப் பார்த்தார். பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தார். "நாளைக்கே காது டாக்டர்கிட்ட போவோம். காதுல மெஷின் வச்சா கேக்கும்."

"போவோம். மினுமினுப்பெல்லாம் அதுல வராதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்." அவள் குரலில் அழுகை இல்லை. "அது நாளைக்கு. இத இன்னிக்குள்ள அனுப்பணும். இன்னொரு தடவ தப்பு விழுந்தா வேற ஆளப் பாத்துக்கறோம்னு எழுதிட்டாங்க. ஆறு தடவ கேட்டுட்டேன்." ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டார். காது வைக்கும் மெத்தை இன்னும் சூடாக இருந்தது. பொத்தானை அழுத்தியதும் டாக்டரின் குரல் கண்ணாடியாய்க் கேட்டது. மூச்சு, நாற்காலி கிரீச்சிடுவது, பின்னால் யாரோ காகிதம் புரட்டுவது எல்லாமே கேட்டது. டாக்டர் வாயில் பஞ்சையும் காணோம், மிட்டாயையும் காணோம்.

திரையில் பதிவோடு ஓடும் கோட்டைப் பார்த்தபடி, கேட்டதை அவர் சொல்ல ஆரம்பித்தார். "வலது கால்ல வீக்கம்... நாலு நாளா... ராத்திரில வலி ஜாஸ்தி..."

திரையில் ஒரு எழுத்தும் விழவில்லை. அவர் சொல்வதை நிறுத்தினார்.

அவள் விசைப்பலகையிலிருந்து ஒரு கையை எடுத்து, அவர் முகவாயைப் பிடித்து, வாய் தெரியும்படி தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள்.