அக்கா வீட்டு விருந்தகம்

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால், ஆலங்குளத்து வெயிலை உதறிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். குத்துக்கல்வலசையில் மாடி வீடு. மாடி அறை எனக்கு. காலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போவது, வந்து உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஒரு பிடி பிடிப்பது. தம்பியாகப் பிறந்ததற்கு அது போதும் எனக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா மகன் அந்த மாடியை, சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட முடிவு செய்தான். ஹோம் ஸ்டேக்கு நல்ல தமிழ்ப் பேர் வேண்டுமாம். தமிழ் என்றால் எனக்கு வாய் நிற்காது. ‘விருந்தகம்’ என்று வைக்கச் சொன்னேன். அதோடு விட்டேனா? விருந்து என்றால் இன்றைக்கு இலையும் பாயசமும் என்று ஆகிவிட்டது, பழந்தமிழில் அது புதுமை, முன்பின் அறியாமல் வாசலில் வந்து நிற்கிறவர், சொந்தக்காரன் அதில் சேர்த்தியே இல்லை என்று வகுப்பு எடுத்தேன். அவன் கொட்டாவி விடாமல் கேட்டான். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த ஆனியில் பையோடு போய் இறங்கினேன். வாசலில் பலகை பளபளவென்று தொங்கியது. மாடிப்படியில் கால் வைத்ததும் மருமகன் மறித்தான்.

“மாமா, மேல விருந்தாளிங்க இருக்காவ.”

“அப்ப நான் யாருலே?”

“நீங்கதான சொன்னிய, சொந்தக்காரன் விருந்துல சேத்தி இல்லன்னு.”

என் வகுப்பை இவ்வளவு கவனமாகக் கேட்டவன் வேறு யாருமில்லை.

அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நீ என்ன விருந்தாளியாலே? நம்ம வீட்டு ஆளு. அங்கன அரிசி மூடை பக்கத்துல பாய் கெடக்கு, விரிச்சுக்கோ.”

‘நம்ம வீட்டு ஆளு’ என்று அவள் முன்பெல்லாம் சொன்னால், இலையில் இன்னொரு கரண்டி சோறு விழும். பாயை விரித்துக்கொண்டேன்.

மறுநாள் உளுந்தஞ்சோறு மாடிக்குப் போனது. கொண்டுபோனது நான்தான். மேலே இருந்த கோயம்புத்தூர்க்காரர், “பலகையில பேரு அருமைங்க, யாருங்க வச்சது?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் ஈரத் துண்டைக் கையில் கொடுத்து, “இதை அப்படியே காயப் போட்டுருங்க” என்றார். போட்டேன்.

அன்றே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அக்கா வாசல் வரை வந்தாள். அவளுக்குச் சுருக்கென்று தைக்க வேண்டும் என்றே, “அடுத்த ஆனிக்கு நானும் புக் பண்ணிட்டு விருந்தாளியா வாறேன்க்கா” என்றேன்.

கண் கலங்குவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“வைகாசியிலயே சொல்லிருலே. சனி ஞாயிறு கெடைக்காது” என்றாள்.