மழை பெய்யும் ஒரு திங்கட்கிழமை

ஊருக்குப் போயிருந்த பத்மாக்கா தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்று ஹனூரிலிருந்து அவருடைய தங்கை கைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, நான் கேரட் துருவிக்கொண்டிருந்தேன். கேரட் தீர்ந்த பிறகும் என் கை வெறும் துருவியின் மேல் சிறிது நேரம் போய்வந்துகொண்டிருந்தது.

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் தள்ளுவண்டியில் சுருமுரி சாப்பிட்ட எல்லோருக்கும் அவரைத் தெரியும். பொரியில் வெங்காயமும் காரமும் போட்டுக் கலக்கியபடியே உங்கள் வீட்டுச் செய்தியெல்லாம் கேட்பாரே, அவர்தான். அம்மாவும் அவரும் பாதிப் பாதி முதல் போட்டு நடத்திய வண்டி அது. அவர்களுக்குப் பின்னால் பேசாமல் நின்ற பெண் நான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள். யாராவது நேரே பார்த்துப் பேசினால் எனக்கு இன்றும் குரல் எழும்பாது. ஆனால் கண்ணெதிரே இல்லாதவற்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாலையில் மல்லிகை மணமும் விளக்கொளியும் கலந்து வரும்போது, சந்தை முழுவதும் தண்ணீருக்கடியில் அசைவதுபோல இருக்கும்.

"பள்ளிக்கூடத்திலயும் இப்படித்தான் கனவு கண்டுட்டு இருந்தா," என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

"அங்க யாரு இவளுக்கு அதுக்குக் கூலி குடுத்தாங்க?" என்பார் பத்மாக்கா. "நான் டீ வாங்கித் தர்றேன். நீ காணு கண்ணு."

அக்கா பி.யூ.சி.யில் காமர்ஸ் படித்தவர். ஒருமுறை அம்மாவின் மிளகாய் பஜ்ஜியை நிறுத்தச் சொன்னார். வண்டியைச் சுற்றி நின்ற கூட்டமே பஜ்ஜிக்குத்தான். "கூட்டம் பஜ்ஜிக்கு வருதுங்கக்கா, காசு பொரியிலதான் நிக்குது. எண்ணெய்க்கும் கேஸுக்கும் போக அதுல என்ன மிஞ்சுது? அது வேகற வரைக்கும் சட்டியச் சுத்தி நிக்கறாங்க. பொரிக்கு வர்றவங்க பாத்துட்டு அப்படியே போயிடறாங்க." அம்மா எண்ணெய்ச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றினார். சில நாள் அவரோடு பேசவில்லை. மாதக் கடைசியில் கையில் மிஞ்சியதைப் பார்த்த பிறகு, தானே போய் டீ வாங்கிவந்து அவரிடம் நீட்டினார்.

சென்ற தசராவுக்கு முன்பு, பொருட்காட்சித் திடலில் ஒரு கடை காலியாக இருப்பதாக ஒருவர் வந்து சொன்னார். சீசன் முழுவதற்குமான வாடகையை முன்னாலேயே கட்ட வேண்டும். அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டார். அவரிடம் இருந்த ஒரே நகை அது.

"இருங்கக்கா," என்று பத்மாக்கா என் பக்கம் திரும்பினார். "கண்ணு, கண்ண மூடு. அந்தக் கடையில ஒரு நாளக் காட்டு."

ராட்டினம் விளக்குகளோடு சுற்றியது. பலூன்கள், குழந்தைகள், முடிவே இல்லாத கூட்டம். பார்த்ததைச் சொன்னேன்.

"இது ஞாயித்துக்கெழம. திங்கக்கெழமயக் காட்டு."

கூட்டம் மெலிந்தது.

"மழ பெய்யுதா?"

"இல்லக்கா."

"பெய்ய வை."

பெய்ய வைத்தேன். ராட்டினம் நின்றது. அதன் விளக்குகள் ஈரத் தரையில் தலைகீழாக மிதந்தன. ஒரே குடையில் ஒரு குடும்பம் மட்டும் வந்தது.

"எத்தன பேரு பொரி வாங்கறாங்க?"

"யாரும் வாங்கலக்கா. பொரி நமுத்துப்போச்சு."

"வாடகை நமுக்காது. நீ எவ்வளவு வேணா கனவு காணு கண்ணு, ஆனா அதுல வாடகையும் வரோணும்."

"நல்ல நாளும் அதுவுமா பேசற பேச்சப் பாரு," என்று அம்மா முணுமுணுத்தார்.

நான் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அந்தக் குடும்பம் எங்கள் கடையோரம் ஒதுங்கி, கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றது. "சூடா ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்கக்கா," என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. வெயில் நாளுக்கும் மழை நாளுக்கும் வரவு செலவைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தார். முழுக் கடை தாங்காது. வளையல் விற்கும் பெண் ஒருவரோடு பாதிக் கடையாக எடுத்தால், சங்கிலியை அடகு வைக்காமலே சமாளிக்கலாம். பிறகு பரணைப் பார்த்தார். "அந்தச் சட்டிய எறக்குங்கக்கா. மழையில பொரிக்கு ஆளே இல்ல, சட்டியச் சுத்தி எத்தன பேரு நின்னாலும் நமக்கு நட்டமில்ல."

"ஏத்தச் சொன்னதும் நீ, எறக்கச் சொல்றதும் நீ," என்று முகத்தைத் தூக்கிக்கொண்டே அம்மா இறக்கினார்.

அந்த சீசனில் நிறைய மழை பெய்தது. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருந்தது.

தசரா மறுபடி வருகிறது. இந்த முறையும் பாதிக் கடை வேண்டுமா என்று வளையல்காரம்மா கேட்டனுப்பியிருக்கிறார். அம்மா என்னைப் பார்க்கிறார். நேற்று மாலை வண்டியருகே கண்ணை மூடி, முதலில் மழையைப் பெய்ய வைத்தேன். அம்மா பஜ்ஜி போடுகிறார். நான் வெங்காயம் நறுக்குகிறேன். பத்மாக்கா பொரி டப்பாவை இறுக்கி மூடிவிட்டு, மழையைப் பார்த்தபடி நிற்கிறார். "எத்தன பேரு கண்ணு?" என்கிறார். அவரை அங்கிருந்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த மழைத் திங்கட்கிழமைதான். அதில் நாங்கள் மூன்று பேரும் நிற்கிறோம். கடையைத் தாங்க எத்தனை ஆள் இருக்கிறோம் என்று அம்மா கேட்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து, இரண்டு என்கிறேன்.