விசிட்டரும் கெஸ்ட்டும்

கைமணியை ஆட்டிக்கொண்டே அக்கா முன்னறைக்கு வருவார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அப்பாமாரும் அண்ணன்மாரும் அரைகுறைப் பேச்சோடு எழுந்து செருப்பைத் தேடுவார்கள். "விசிட்டர் எல்லாம் கிளம்பலாம். நாளைக்கும் பொழுது விடியும், அப்ப வந்து மிச்சத்தப் பேசுங்க" என்பார்.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. அக்கா வார்டன், நான் சமையல்கட்டில் இருந்தேன். மாடிக் கம்பியில் சொட்டும் துணிகளும், குளியலறை வாசலில் வாளியோடு நடக்கும் சண்டைகளும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. அக்கா இப்போதும் அங்கேதான் இருக்கிறார். முழங்கால்தான் படுத்துகிறதாம்.

அவருக்கு விசிட்டர் வேறு, கெஸ்ட் வேறு. விசிட்டருக்கு பெஞ்சும் ஒரு டம்ளர் தண்ணீரும். கெஸ்ட்டுக்கு உள்ளே சாப்பாடு, படுக்க ஒரு கட்டில், காலையில் குளிக்க வெந்நீர்.

"ரெண்டு பேருமே வந்துட்டுப் போற ஆளுதானேக்கா?" என்று ஒருத்தி வாயைக் கொடுத்தாள்.

"கொசுகூடத்தான் வந்துட்டுப் போகுது, தட்டு வெக்கட்டுமா? விசிட்டர் கடிகாரத்தப் பாத்து வருவாங்க. கெஸ்ட் வந்தா நாம கடிகாரத்தப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்டி."

கல்யாணம் நிச்சயமான பையன் ஒருவன் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறேனே என்று கெஞ்சினான். "இங்க நீங்க விசிட்டர்தான் தம்பி. கல்யாணம் ஆனதும் அவ வீட்டுல கெஸ்ட்டா இருங்க, ஒரு மாசம். அப்புறம் பாத்திரம் தேய்க்க விட்டுடுவா" என்று அனுப்பி வைத்தார்.

அதே அக்கா, மகள் இளைத்துப்போனதைப் பார்த்து அழுத ஒரு தாயை மணியடித்த பிறகும் கிளப்பவில்லை. "உலையில இன்னொரு பிடி போடு" என்று எனக்குக் குரல் கொடுத்தார்.

இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் வெங்காயம் உரிக்கும்போது அவராகவே சொன்னார். "அப்பா போனப்புறம் தங்கச்சியோட நாலு நாள் இருக்கலாம்னு ஆசையாப் போனேன். முன்னறையில உக்கார வெச்சா. காபி ஆறல, 'எப்போக்கா கிளம்பறே?'ன்னா. கூடப்பிறந்தவ வீட்டுலயே நான் விசிட்டர் ஆயிட்டேன்." வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் பல வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. என் பிரார்த்தனையில் அந்த முகம் தெரியாத தங்கைக்கும் ஓர் இடம் வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் அவள் வந்தாள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்காவின் மூக்கு, அதே நெற்றி. மடியில் பையை அணைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். அக்கா தண்ணீர் கொடுத்தார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன்க்கா. அவர் போயிட்டார். பிள்ளைங்களும் வெளியூர்ல. வீட்டுல நான் மட்டும்தான்."

"ம்."

இன்றைக்கு இவள் இப்படியே திரும்பிவிட்டால் இனி வரவே மாட்டாள் என்று எனக்குப் பட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றேன்.

நேரமாயிற்று. அக்கா எப்போதும்போல மணியை எடுத்து ஆட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். தங்கையும் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்போ நான் வரேன்க்கா."

அக்கா மணியை பெஞ்சின்மேல் வைத்தார். தங்கையின் தோளிலிருந்து பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தார்.