அவ்ளோதான்னு சொல்ற வரைக்கும்

அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே, மளிகைக் கடை மாடியில் இரண்டு அறைகள். 1992இல் லோகநாயகி டீச்சர் அங்கேதான் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்குப் பெண்களைத் தயார் செய்துகொண்டிருந்தார். தேன் ஒழுகப் பேசக் கற்றுத்தருவார்கள் என்று நம்பி வருகிற பெண்களுக்கு முதல் வாரமே முகம் தொங்கிவிடும். டீச்சரின் பாடம் முழுக்கக் காதுக்குத்தான். "கேக்கறதுக்கு ஒரு கிளாஸா!" என்று கீழே கடைக்காரர் திருவேங்கடம் கேலி செய்வார். அந்தக் கேலியின் மும்முரத்திலேயே துவரம் பருப்பு கேட்டவளுக்குக் கடலைப் பருப்பை நிறுத்துப் போடுவார். காது இரண்டு இருந்தும் முந்திரிக்கொட்டை புத்தி யாரை விட்டது?

பயிற்சி இதுதான். பக்கத்து ஊர் பாடியில் பழைய சாமான் கடையில் வாங்கிய இரண்டு இன்டர்காம் போன்கள், ஒன்று முன்னறையில், ஒன்று உள்ளறையில். முன்னறைப் பெண் ஒரு தகவல் சொல்வாள். உள்ளறைப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லி, "சரியா?" என்று கேட்க வேண்டும். சொன்னவள் "அவ்ளோதான்" என்ற பிறகே போனை வைக்கலாம். அதற்கு முன்னால் வைத்தால் டீச்சருக்கு முகம் வெளுத்துவிடும்.

"அவ்ளோதான்னு சொல்லாதவங்க இன்னும் லைன்லதான் இருக்காங்க. ஞாபகம் வச்சுக்கோங்க" என்பார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

எட்டு வருஷமாக அவருக்கு ஒருவர் லைனில் இருந்தார். அது யாருக்கும் தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் லோகநாயகி அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். உலைப் பிரிவு மேஸ்திரி கோதண்டம் தினமும் போன் செய்வார். எதையும் காலையில் ஷெட்டைத் திறந்ததிலிருந்து ஆரம்பிக்கிற மனிதர். ஆனால் விஷயம் என்னவோ ஒன்றேதான்: மூன்றாம் நம்பர் கிரேன் நின்றுவிட்டது, எலக்ட்ரீஷியனை அனுப்பு. அன்றைக்கும் அவர், "அம்மா, காலையில ஷெட்டைத் தொறந்தேனா, மூணாம் நம்பர் கிரேன் கீதுல்ல..." என்று இழுத்ததுமே, "எலக்ட்ரீஷியன்தானே? சரி, சொல்லிடறேன்" என்று லோகநாயகி போனை வைத்துவிட்டார். ஆளும் போனான். செங்கல்வராயன், ஆவடிக்காரன். மேலே ஏறித் தொட்ட மாத்திரத்தில் கரண்ட் அடித்துச் செத்துப்போனான்.

கிரேன் உடம்பிலேயே கரண்ட் ஒழுகுகிறது, மெயினை அணைத்த பிறகுதான் ஆளை அனுப்ப வேண்டும். கோதண்டம் சொல்ல வந்தது அது. உலைச் சத்தத்தில் லைன் போனது தெரியாமல் அவர் அதையும் சொல்லி முடித்திருக்கிறார். ஆபரேட்டரம்மா சரி என்றுவிட்டார், ஆளும் வந்துவிட்டான், அப்படியானால் மெயினை அணைத்தாகிவிட்டது என்று நம்பியிருக்கிறார். விசாரணையில், "மெயினை அணைக்கச் சொல்ல நான்தான் மறந்துட்டேன்" என்று பழியை வாங்கிக்கொண்டார். லோகநாயகி வாயைத் திறக்கவில்லை. ஒரே வருஷத்தில் அந்த மனிதரும் போய்ச் சேர்ந்தார்.

1992 ஜூன் மாதம் டீச்சரிடம் சேர்ந்தவள்தான் கஸ்தூரி. விண்ணப்பத்தில் தகப்பன் பெயர்: செங்கல்வராயன் (காலமானார்). டீச்சர் அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்தார். வேலை வாங்கித் தந்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவள் அம்மா எல்லம்மா அமாவாசை தவறாமல் கோதண்டத்தைச் சபிக்கிறாள் என்று தெரிந்தபோது மட்டும் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும். கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாவிட்டால் அந்த இரண்டு போனும் வெறும் பொம்மை. புழுக்கம் தாங்காமல் மற்றப் பெண்கள் கீழே இறங்கிவிட்டார்கள். முன்னறையில் டீச்சர் மட்டும் தனியாக நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். உள்ளறையிலிருந்து கஸ்தூரியின் குரல் கேட்டது, பாடத்தில் சொன்னபடியே, நிதானமாக.

"மூணாம் நம்பர் கிரேன்ல கரண்ட் ஒழுகுது. மெயினை அணைச்ச பொறவுதான் ஆளை மேல ஏத்தணும். சரிங்களா?"

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே மேஜையில் அவருடைய போன் வைத்தது வைத்தபடி இருந்தது.

கஸ்தூரி வாசலுக்கு வந்தாள். "டீச்சர், லைன்ல யாரோ பெரியவர் கீறாரு. அவ்ளோதான்னு சொல்ல மாட்டேங்கறாரு. உங்களாண்ட பேசணுமாம்."

ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கை தானாகப் போனை எடுத்தது.

"அம்மா, நான் கோதண்டம் பேசறேன். காலையில ஷெட்டைத் தொறந்தேனா..."

இந்த முறை லோகநாயகி குறுக்கே பேசவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்காமல் கடைசி வரை கேட்டார். கேட்டதை ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னார். "சரியா? அவ்ளோதானா?"

"இன்னும் ஒண்ணு கீதும்மா. செங்கல்வராயன் ஊட்ல சொல்லிட்டியா?"

போனை வைக்க முடியவில்லை. மேஜைமேல் படுக்க வைத்தார். கஸ்தூரியை எதிரே உட்காரச் சொல்லி, எட்டு வருஷத்தையும் சொன்னார். சொல்லச் சொல்ல வெட்கத்தில் உடம்பு கூசியது.

கஸ்தூரி நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், பழக்கமோ என்னவோ, திருப்பிச் சொன்னாள். "மேஸ்திரி எங்கப்பாவைக் காப்பாத்தத்தான் போன் பண்ணாரு. நீங்க பாதியில வச்சுட்டீங்க. பழியை அவரு வாங்கிகினாரு. நீங்க சும்மா இருந்துட்டீங்க. சரியா டீச்சர்?"

"சரி."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்" என்றார் டீச்சர்.

கஸ்தூரி எழுந்து, மேஜைமேல் கிடந்த போனைக் காதில் வைத்தாள். "ஐயா, சொல்லிட்டாங்க. எங்கம்மா உங்களைத்தான் திட்டிகினு கீது. நான் போய் சொல்லிடறேன்." அந்தப் பக்கம் "அவ்ளோதான்" என்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு போனை வைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். மின்விசிறி சுற்றத் தொடங்கியபோது டீச்சர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் கஸ்தூரி வரவில்லை. எல்லம்மா வந்தாள். முன் பெஞ்சில், மகளின் இடத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. நான் குறுக்க பேச மாட்டேன்."

லோகநாயகி, கோதண்டம் மாதிரியே, காலையில் ஷெட்டைத் திறந்ததிலிருந்து ஆரம்பித்தார்.