அப்பா பேரில் ஒரு நண்டு

எழுபதுகளில், கோடை லீவுக்கு எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு வந்தபோது என் பெட்டியில் துணியைவிட நண்டுதான் அதிகம். கடற்கரை ஊர் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்காகக் கடல் நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். முந்தின வருஷம், முதுகில் மூணு முள் உள்ள சின்ன நண்டு ஒன்றைப் புது இனம் என்று எழுதி, அது அச்சிலும் வந்துவிட்டது. அப்பா பேருக்கு லத்தீன் வால் ஒட்டி, அதையே அந்த நண்டுக்கு வைத்தேன்.

கடலையே பார்க்காத மனுஷன் அவர். தக்காளிக் கூடையோடு பாலக்கோட்டு பஸ் ஏறினால் தன் பேரில் ஒரு நண்டு இருப்பதைக் கண்டக்டர்வரைக்கும் சொல்லித் தீர்ப்பார். "நண்டுக்காரரே" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அதில் அவருக்கு அத்தனை பெருமை.

அன்று காலை ஸ்பிரிட் பாட்டிலிலிருந்து எடுத்த ஒரு நண்டின் ஓடு லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஓடு மாற்றப்போகிற நேரத்தில் பிடிபட்டது போல. ஊசியால் பழைய ஓட்டை நீக்கினேன். அதில் மூணு முள். அடியில் புது ஓடு வழுவழு என்று இருந்தது, முள்ளே இல்லை. அப்படி வழுவழுப்பான நண்டுக்கு எவரோ எப்போதோ பேர் வைத்தாயிற்று. என்னிடம் வந்ததெல்லாம் கரைவலையில் சிக்கிய குட்டிகள். பெரிசு ஆழத்தில் இருக்கும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவேயில்லை. ஒரே இனத்துக்கு இரண்டு பேர் இருந்தால் முந்தின பேர்தான் நிற்கும். அப்பா பேர் தள்ளுபடி.

அடிப்பாவி! பட்டம் போனால் போகட்டும், அப்பாவிடம் எந்த மூஞ்சியோடு சொல்வேன்? அந்த ஒரு நண்டைச் சாக்கடையில் கொட்டினால் யாருக்கும் தெரியாது. எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன்.

"என்ன கண்ணு, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" எதிரில் அப்பா.

பயத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லென்ஸில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். வீட்டில் இருக்கப் பயந்து நானும் பின்னாலேயே ஓடி பஸ் ஏறினேன்.

"என்னங்க நண்டுக்காரரே, உங்க நண்டு சௌக்கியமுங்களா?" கண்டக்டர் சிரித்தார்.

"அது தனி நண்டு இல்லீங்க," என்றார் அப்பா, பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி. "வேற நண்டோட குட்டியாம். எம்பொண்ணே கண்டுபுடிச்சுட்டா. எம்பேர அடிச்சுரச் சொல்லி அவளே எழுதப்போறா."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலக்கோடு வரும்வரை என்னைப் பார்க்கவேயில்லை.